வீட்டுத் தொட்டியில் கெளுத்தி மீன்கள்

மும்பையில் நம்மவர் வீடுகளில் மீன் தொட்டி இப்போது சர்வ சாதாரணமாகிவிட்டது. வாஸ்துவுக்காக வைத்தவர்கள் உண்டு, பிள்ளைகளின் பிடிவாதத்துக்காக வாங்கியவர்கள் உண்டு. எந்தத் தொட்டியைப் பார்த்தாலும் கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு கறுப்பாக ஒரு மீன் இருக்கும். "இது எதற்கு?" என்று கேட்டால், "அது டாங்க் கிளீனர் மாமா, தொட்டியைச் சுத்தம் செய்யும்" என்று குழந்தை சொல்லும். "அதற்கு என்ன சாப்பாடு போடுகிறீர்கள்?" என்றால், "அதற்கு எதுவும் போட வேண்டாமாம், மற்ற மீன்களின் அழுக்கையே தின்றுவிடும் என்று கடைக்காரர் சொன்னார்" என்று பெரியவர்கள் பதில் சொல்வார்கள்.

வேலைக்கு ஆள் வைத்துவிட்டு, சம்பளமும் கிடையாது, சாப்பாடும் கிடையாது என்று சொல்வதற்கு ஒப்பானது இது. எந்த மீனும் மற்றொரு மீனின் கழிவைத் தின்று உயிர் வாழ்வதில்லை. நாம் "கிளீனர்" என்று வாங்கிவரும் மீன்களில் பல, சில மாதங்களில் வயிறு ஒட்டிப் பட்டினியால் சாகின்றன. தப்பிப் பிழைப்பவை ஒரு முழ நீளம் வளர்ந்து நம்மைத் திண்டாட வைக்கின்றன. இரண்டையும் தவிர்க்க வழி இருக்கிறது. ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு காட்கோபரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இந்த மீசைக்கார மீன்களை வளர்த்து வருகிறேன். அந்தப் பழக்கத்தில் தெரிந்துகொண்டவற்றை நம் சங்கத்து அன்பர்களுக்குச் சொல்லலாம் என்று தோன்றியது.

யார் இந்தக் கெளுத்தி?

கெளுத்தி என்றதும் குழம்புச் சட்டி நினைவுக்கு வரும் அன்பர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். நம் ஊர்க் கெளுத்தி, தேளி, வாளை எல்லாம் ஒரே பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை. உலகில் இந்தக் குடும்பத்தில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட வகைகள் கண்டறியப்பட்டுள்ளன. இவற்றுக்குப் பொதுவான அடையாளங்கள் இரண்டு. முதலாவது, வாயைச் சுற்றியுள்ள மீசை. அது வெறும் அலங்காரம் அல்ல. இருட்டிலும் கலங்கல் நீரிலும் தொட்டும் சுவைத்தும் இரை தேட உதவும் உறுப்பு. சுவை அறியும் மொட்டுகள் இவற்றின் மீசையில் மட்டுமன்றித் தோலிலும் பரவியிருக்கின்றன. இரண்டாவது அடையாளம், சாதாரணச் செதில் இல்லாதது. சிலவற்றுக்கு வெறும் தோல். சிலவற்றுக்குக் கவசம் போன்ற எலும்புத் தகடுகள். இந்த இரண்டு அடையாளங்களையும் நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் சொல்லப்போகும் விதிகளில் பாதிக்குக் காரணம் தானே விளங்கிவிடும்.

இந்தக் குடும்பத்தில் அதிசயங்களுக்குக் குறைவில்லை. கேரளத்தில் கோட்டயம் பகுதிக் கிணறுகளில் கண் இல்லாத, இளஞ்சிவப்பான, விரல் நீளம்கூட இல்லாத கெளுத்தி ஒன்று வாழ்கிறது. ஹோராக்ளானிஸ் என்று பெயரிட்டு 1950-ல் அதை விவரித்து எழுதினார்கள். நிலத்தடி நீரில் இருளிலேயே வாழ்ந்து கண்ணை இழந்துவிட்ட மீன் அது. ஆப்பிரிக்காவின் காங்கோ ஆற்றுப் பகுதியில் மல்லாந்து நீந்தும் கெளுத்தி இருக்கிறது. பெரும்பாலான மீன்களுக்கு முதுகு கறுத்தும் வயிறு வெளுத்தும் இருக்கும். மல்லாந்தே வாழும் இதற்கு வயிறுதான் கறுப்பு!

கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி

மீன் வாங்கப் போகும் நாம் "விலை என்ன?" என்றுதான் முதலில் கேட்கிறோம். "இது எவ்வளவு பெரிதாக வளரும்?" என்று கேட்பதே சரி. கடைத் தொட்டியில் இருப்பவை எல்லாம் குஞ்சுகள். இரண்டு அங்குலம் இருக்கும் சக்கர் மீன் நல்ல தீனி கிடைத்தால் ஒரு அடியைத் தாண்டி வளரும். பத்துப் பதினைந்து ஆண்டுகள்கூட வாழும். "ஷார்க்" என்று ஆசைகாட்டி விற்கப்படும் வெள்ளி நிறக் குஞ்சு சுறாவே அல்ல. அது தாய்லாந்து, கம்போடியா பக்கத்து மீகாங் ஆற்றுக் கெளுத்தி. ஒரு மீட்டருக்கு மேல் வளரக்கூடியது. ஆந்திராவில் குளம் குளமாக உணவுக்கு வளர்க்கப்படுவதும், மும்பை உணவு விடுதிகளில் "பாசா" என்று தட்டில் வருவதும் பெரும்பாலும் இதே மீன்தான். அதை இரண்டடித் தொட்டியில் விட்டால், பயந்த சுபாவமுள்ள அந்த மீன் கண்ணாடியில் மோதி மோதி மூக்கைப் புண்ணாக்கிக்கொள்ளும். சிவப்பு வால் கெளுத்தி என்று அமேசான் ஆற்று மீன் ஒன்றும் விற்பனைக்கு வருகிறது. அதுவும் ஒரு மீட்டரைத் தாண்டும். அதற்கு முன்பே தொட்டியில் உள்ள மற்ற மீன்களை விழுங்கிவிடும். நம் நாட்டுத் தேளியையும் வீட்டுத் தொட்டியில் வைக்க வேண்டாம். அதன் முள் குத்தினால் தேள் கொட்டியது போலக் கடுக்கும். குழந்தைகள் உள்ள வீட்டுக்கு அது ஆகாது.

நம் வீடுகளுக்கு ஏற்ற மூன்று வகைகள்

முதலில் சொல்ல வேண்டியது கோரிடோராஸ். கடையில் "கோரி" என்பார்கள். தென்னமெரிக்காவைச் சேர்ந்தது, இரண்டு இரண்டரை அங்குலம்தான் வளரும், எந்த மீனையும் தொந்தரவு செய்யாது. மணலில் மூக்கை நுழைத்து நாள் முழுவதும் எதையாவது தேடிக்கொண்டிருக்கும். கண்ணைக் கீழே சுழற்றும்போது நம்மைப் பார்த்துக் கண்ணடிப்பது போலவே இருக்கும். பிள்ளைகளுக்கு அதைக் கண்டால் கொண்டாட்டம். இது கூட்டமாக வாழும் மீன். ஒன்று இரண்டு வாங்கினால் மூலையில் பதுங்கிக்கொள்ளும். ஆறு இருந்தால்தான் அதன் உண்மையான சுபாவம் தெரியும். 2024-ல் விஞ்ஞானிகள் இந்தப் பேரினத்தைப் பல பிரிவுகளாகப் பிரித்துப் புதுப் பெயர்கள் வைத்துவிட்டார்கள். கடைக்காரருக்குத் தெரிந்தது பழைய பெயர்தான். நாமும் அதையே சொல்லிக் கேட்கலாம். இதில் வெண்கல நிறக் கோரியும், புள்ளிகளும் ஆரஞ்சுத் துடுப்பும் கொண்ட ஸ்டெர்பை வகையும் மும்பை வெப்பத்தைத் தாங்கும். பாண்டா வகை குளிர்ந்த நீரை விரும்புவது. நம் மே மாதம் அதற்குச் சோதனைக் காலம். வெள்ளைக் கோரிக்குச் சாயம் ஏற்றி நீலம், சிவப்பு என்று விற்றால் வாங்க வேண்டாம். அந்த நிறம் நாளடைவில் மங்கிவிடும். மீன் பட்ட வேதனைதான் மிச்சம்.

இரண்டாவது, பிரிசில்நோஸ். சக்கர் மீனின் சிறிய உறவுக்காரர். நாலைந்து அங்குலத்தோடு வளர்ச்சி நின்றுவிடும். ஆணின் மூக்கின்மேல் முட்புதர் போல மீசை கிளைத்திருக்கும். கண்ணாடியில் படியும் பச்சைப் பாசியை உண்மையிலேயே மேயும். "கிளீனர்" வேண்டும் என்பவர்கள் பெரிய சக்கருக்குப் பதில் இதைக் கேட்டு வாங்கலாம். சுரண்டித் தின்னத் தொட்டிக்குள் ஒரு மரக்கட்டை வேண்டும். மூன்றடித் தொட்டிக்கு ஒன்று போதும்.

மூன்றாவது, கண்ணாடிக் கெளுத்தி. எலும்பும் குடலும் வெளியே தெரியும். மற்ற உடல் முழுவதும் கண்ணாடி! தாய்லாந்தைச் சேர்ந்த இந்த மீனை வெகுகாலம் வேறொரு வகையின் பெயரால் அழைத்து வந்தார்கள். 2013-ல்தான் அது தனி வகை என்று சரியாக இனங்கண்டு பெயரிட்டார்கள். இது அடியில் கிடக்காமல் நடு நீரில் கூட்டமாக நிற்கும். அமைதியான தொட்டியும், குறைந்த வெளிச்சமும், ஆறு துணைகளும் இதற்கு வேண்டும். கொஞ்சம் பழகியவர்களுக்கே இது ஏற்றது.

தொட்டியும் தளமும்

இனி என் தொழில் சம்பந்தப்பட்ட விஷயம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி ஏறத்தாழ 54 லிட்டர் கொள்ளும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. கண்ணாடி, மணல் எல்லாம் சேர்த்துச் சுமார் 75 கிலோ. நல்ல கனத்த ஆள் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது போல. எந்த வீட்டுக்கும் இது பிரச்சினை இல்லை. ஆனால் மூன்றடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்று போனால் தண்ணீர் மட்டுமே 150 லிட்டருக்கு மேல். மேசையோடு சேர்த்து 200 கிலோவைத் தாண்டும். குடியிருப்புத் தளங்களுக்கு நம் நாட்டுத் தர விதி சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ சுமையைக் கணக்கில் எடுக்கிறது. அது அறை முழுவதும் பரவியிருப்பதாகப் போட்ட கணக்கு. ஆகவே ஒரு மூலையில் 200 கிலோ வைத்த உடனே தளம் இடிந்துவிடாது. ஆனாலும் இடம் பார்த்து வைக்க வேண்டும். அறையின் நடுவில் வைக்காமல், கீழே உத்தரம் ஓடும் சுவரோரமாக, நீளவாட்டில் சுவரை ஒட்டி வையுங்கள். வெளியே நீட்டிய பால்கனியில் பெரிய தொட்டி கூடவே கூடாது. பழைய சால்களில் மரச் சட்டங்களின்மேல் போட்ட தளம் என்றால் இரண்டடியோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. தொட்டிக்கு அடியில் அரை அங்குலத் தெர்மாக்கோல் பலகை போட்டால் மேசையின் சிறு மேடு பள்ளங்கள் கண்ணாடியை உடைக்காமல் காக்கும்.

மின்சார விஷயத்திலும் கவனம் தேவை. பம்பு, விளக்கு ஆகியவற்றின் கம்பி பிளக்குக்கு நேராகப் போகாமல், ஒரு வளைவு கீழே தொங்கிப் பிறகு மேலேறிப் பிளக்கை அடைய வேண்டும். கம்பி வழியே வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். தொட்டிக்குள் கைவிடும் முன் எல்லா சுவிட்சையும் அணைத்துவிடுங்கள். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் கசிவுப் பாதுகாப்பு சுவிட்ச் இல்லாவிட்டால் மின் பணியாளரிடம் சொல்லிப் பொருத்திக்கொள்ளுங்கள். மீனுக்காக மட்டும் அல்ல, வீட்டாருக்காகவும்தான். காற்றுப் பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே மாட்ட வேண்டும். கீழே வைத்தால் மின்சாரம் நின்றதும் குழாய் வழியே தண்ணீர் பின்னோக்கி வந்துவிடும்.

தண்ணீருக்கு உறை ஊற்றுதல்

மீன் தொட்டியில் மீன்கள் சாவதற்கு முதல் காரணம் அவசரம். இன்று தொட்டி, இன்றே தண்ணீர், இன்றே மீன் என்றால் பத்து நாளில் பாதி மிதக்கும். மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது, அது விஷம். ஒரு வகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக மாற்றும்; அதுவும் விஷமே. இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். அதன் தீங்கு மிகக் குறைவு. இந்த நுண்ணுயிர்கள் மணலிலும் ஸ்பாஞ்ச் ஃபில்டரிலும் குடியேறிப் பெருக நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை மீனை விடாமல், தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி மட்டும் போட்டு ஃபில்டரை ஓடவிட வேண்டும்.

சீக்கிர வழியும் ஒன்று உண்டு. நம் வீட்டுப் பெண்களுக்கு நன்கு தெரிந்த வழி. தயிருக்கு உறை ஊற்றப் பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி மோர் வாங்குகிறோம் அல்லவா? அதுபோல, ஆரோக்கியமான பழைய தொட்டி வைத்திருப்பவரிடம் அவருடைய ஃபில்டர் ஸ்பாஞ்சில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி உங்கள் ஃபில்டரில் சொருகிவிடுங்கள். காத்திருக்கும் காலம் பெரிதும் குறையும். அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் சோதிக்கும் சொட்டு மருந்துப் பெட்டிகள் கடைகளில் கிடைக்கின்றன. இரண்டும் பூஜ்யம் காட்டிய பிறகே மீனை விட வேண்டும்.

மும்பை நகராட்சி நீர், பாட்சா, வைத்தர்ணா, தான்சா ஏரிகளில் சேரும் மழைநீர். பாண்டுப்பில் சுத்திகரித்துக் குளோரின் கலந்து வருகிறது. ஏரி நீரானதால் உப்பு குறைந்த மென்மையான நீர். தென்னமெரிக்கக் கெளுத்திகளுக்கு மிகவும் ஏற்றது. சென்னை ஆழ்குழாய் நீரில் மீன் வளர்ப்பவர்கள் இதைக் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள்! குளோரின்தான் பகை. அது மீனின் செவுளை எரிக்கும். நாம் பாடுபட்டு வளர்த்த நுண்ணுயிர்களையும் கொல்லும். நம் வீடுகளில் எப்படியும் டிரம்மில் தண்ணீர் பிடித்து வைக்கிறோம்; ஒரு நாள் திறந்து வைத்த நீரில் குளோரின் பெருமளவு போய்விடும். அவசரமென்றால் சோடியம் தயோசல்ஃபேட் படிகத்தில் ஓரிரு துணுக்கு ஒரு வாளிக்குப் போதும். மழைக்காலத் தொடக்கத்தில் கலங்கல் நீர் வரும்போது குளோரினும் கூடுதலாக இருக்கலாம். சொசைட்டியில் மேல்தொட்டி கழுவிப் பிளீச்சிங் பவுடர் போடும் நாளிலும், அதற்கு அடுத்த நாளிலும் மீனுக்குத் தண்ணீர் மாற்றவே வேண்டாம். டாங்கர் லாரித் தண்ணீரையும் தவிர்க்கவும். அது எந்தக் கிணற்று நீரோ!

வாரம் ஒருமுறை நாலில் ஒரு பங்கு நீரை மாற்ற வேண்டும். இரண்டடித் தொட்டிக்கு அது ஒரு வாளிதான். கால் மணி நேர வேலை. மாதுங்கா பட்டறைக்கு ரயில் பெட்டிகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே கெடு வைத்து வருகின்றன. பழுதாகி நின்ற பிறகு அல்ல. தொட்டிக்கும் அதே விதி. தண்ணீர் கலங்கிய பிறகு முழுவதையும் கொட்டிக் கழுவுவது பராமரிப்பு அல்ல, விபத்துக்குப் பின் நடக்கும் மீட்புப் பணி. ஸ்பாஞ்சைக் குழாய் நீரில் கழுவாமல், வெளியே எடுத்த தொட்டி நீரிலேயே பிழியுங்கள். மிச்சமுள்ள அந்த நீரைத் துளசிக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றுங்கள்; நைட்ரேட் செடிக்கு நல்ல உரம்.

வெப்பமும் மூச்சும்

மும்பையில் மீனுக்கு ஹீட்டர் பெரும்பாலும் தேவையில்லை. ஏப்ரல், மே வெயில்தான் சிக்கல். 25 டிகிரி நீரில் லிட்டருக்குச் சுமார் 8.2 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் 7.5 மில்லிகிராம்தான். வெப்பம் ஏறும்போது மீனுக்கு மூச்சுத் தேவை கூடுகிறது, தண்ணீரில் இருப்போ குறைகிறது. ஆகவே கோடையில் காற்றுப் பம்பு இரவு பகலாக ஓட வேண்டும். நீர்ப்பரப்பின் மேல் ஒரு சிறிய மின்விசிறியைத் திருப்பிவிட்டால் நீர் ஆவியாகி ஓரிரண்டு டிகிரி குறையும். மண்பானை குளிர்வது போலத்தான்.

கோரி மீன் அவ்வப்போது விருட்டென்று மேலே பாய்ந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கிக்கொண்டு கீழே போகும். பயப்பட வேண்டாம், அது குடலின் வழியே காற்றைச் சுவாசிக்கக்கூடிய மீன். அதற்காக மூடிக்கும் நீருக்கும் நடுவே இரண்டு அங்குல இடைவெளி விடுங்கள். ஆனால் எல்லா மீனும் ஓயாமல் மேலே வந்துகொண்டிருந்தால் தண்ணீர் கெட்டிருக்கிறது என்று பொருள். உடனே ஒரு வாளி மாற்றவும்.

2005 ஜூலை 26-ல் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதும், புறநகரின் பல பகுதிகள் மின்சாரமின்றி இருண்டு கிடந்ததும் நமக்கு மறக்காது. 2020 அக்டோபர் 12-ல் மின் கட்டமைப்பு முறிந்து லோக்கல் ரயில்களே நின்றன. இப்படிப்பட்ட நாளுக்கு பாட்டரியில் ஓடும் சிறிய காற்றுப் பம்பு ஒன்று வாங்கி வைக்கலாம். அது இல்லாவிட்டால் கால் மணிக்கு ஒருமுறை ஒரு குவளை தொட்டி நீரை மொண்டு ஓரடி உயரத்திலிருந்து மெதுவாக ஊற்றுங்கள். மின்சாரம் வரும்வரை தீனி போடாதீர்கள்.

மணலும் தீனியும்

கடையில் விற்கும் கூர்மையான வண்ணக் கல் கெளுத்திக்கு எதிரி. மீசை தேய்ந்து புண்ணாகும். வழவழப்பான மெல்லிய மணலை நீர் தெளியும்வரை கழுவி, ஒன்றரை அங்குலத்துக்குப் போட்டால் போதும். மணலில் தீனி அழுகிக் கிடந்தாலும் மீசை அரிக்கும் என்பதால் மேற்பரப்பை வாரம் ஒருமுறை குழாயால் உறிஞ்சி எடுக்க வேண்டும்.

தீனி விஷயத்துக்கு வருவோம். மேலே மிதக்கும் தீனியை மற்ற மீன்கள் தின்று முடித்துவிடும்; அடியில் இருக்கும் கெளுத்திக்கு எதுவும் வந்து சேராது. மூழ்கும் குளிகைத் தீனி என்று கேட்டு வாங்கி, இரவில் விளக்கை அணைத்த பிறகு போடுங்கள். அந்த நேரத்தில் மற்றவை உறங்கும், கெளுத்தி விழித்திருக்கும். பிரிசில்நோஸுக்கு வெள்ளரித் துண்டு, கொதிநீரில் போட்டெடுத்த கீரை, தோல் உரித்த பட்டாணி எல்லாம் பிடிக்கும்; மறுநாள் காலையில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். சாக்கடை நீரில் சேகரிக்கப்படும் சிவப்பு டியூபிஃபெக்ஸ் புழுவை உயிரோடு வாங்கிப் போடாதீர்கள். அதனுடன் நோயும் வரும். கோரியின் வயிறு மெல்ல உருண்டிருந்தால் நன்றாகச் சாப்பிடுகிறது என்று அர்த்தம். உள்ளே குழிந்திருந்தால் பட்டினி.

பிடிப்பதும் மருந்திடுவதும்

கெளுத்தியின் முதுகிலும் பக்கத் துடுப்பிலும் முள் உண்டு. பயந்தால் அதை விறைப்பாக நிறுத்திப் பூட்டிக்கொள்ளும். வலையில் பிடித்தால் முள் சிக்கி மீன் படாதபாடு படும். ஒரு பிளாஸ்டிக் டப்பாவால் மொண்டு எடுப்பதே நல்லது. கோரி மிகவும் மிரண்டால் ஒருவித நஞ்சையும் கசியவிடும். சிறிய பையில் நிறைய மீன்களை அடைத்துக்கொண்டு வந்தால் அதுவே அவற்றைக் கொன்றுவிடக்கூடும். கடையிலிருந்து வரும் வழியில் குர்லாவிலோ காட்கோபரிலோ கூட்டத்தில் நசுங்காமல் பையை ஒரு டப்பாவுக்குள் வைத்துக் கொண்டுவாருங்கள். புது மீனை இரண்டு மூன்று வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும்.

செதில் காப்பு இல்லாததால் மருந்து இவற்றின் உடலில் வேகமாக ஏறும். தாமிரம் கலந்த மருந்தைத் தவிர்க்கவும். வெண்புள்ளி நோய்க்கான பச்சை, நீல மருந்துகளை எழுதியிருக்கும் அளவில் பாதியில் தொடங்கவும். எதற்கெடுத்தாலும் ஒரு பிடி கல்லுப்பு என்ற பழக்கம் கெளுத்தித் தொட்டியில் வேண்டாம்.

தொட்டியில் பிறக்கும் குஞ்சுகள்

நன்றாகக் கவனித்தால் வெண்கலக் கோரி வீட்டிலேயே முட்டையிடும். மழைக்காலத்தில் சற்றுக் குளிர்ந்த நீரை மாற்றினால், ஊரில் முதல் வெள்ளம் வந்துவிட்டது என்று எண்ணிக்கொள்கிறது போலும்! பெண் மீன் அடித் துடுப்புகளைக் கூப்பிய கை போல வைத்து அதில் இரண்டு மூன்று முட்டைகளை ஏந்திச் சென்று கண்ணாடியில் ஒட்டும். ஆணின் விந்தைப் பெண் வாயால் அருந்தி, அது குடல் வழியே சென்று முட்டைகளைச் சேர்கிறது என்று 1995-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். முட்டைகளை வழித்தெடுத்துத் தனித் தொட்டியில் காற்றுக் குமிழி அருகே வைத்தால் நாலைந்து நாளில் பொரியும். பிரிசில்நோஸில் காவல் வேலை தகப்பனாருடையது. பாதித் தேங்காய்ச் சிரட்டையையோ உடைந்த மண்சட்டியையோ கவிழ்த்து வைத்தால், ஆண் அதற்குள் முட்டைகளை வாலால் விசிறிக்கொண்டு, குஞ்சுகள் வெளிவரும்வரை நகராமல் இருக்கும். பரீட்சைக் காலத்தில்கூடப் பிள்ளைகள் படிப்பை விட்டு வந்து பார்க்கும் காட்சி இது. தாய்மார்கள் மன்னிக்க வேண்டும்.

ஊருக்குப் போகும்போது

மே மாதம் ஊருக்குப் போகாத தமிழ்க் குடும்பம் உண்டா? ஒரு வாரம், பத்து நாள் என்றால் ஆரோக்கியமான பெரிய மீன்கள் தீனியின்றியே இருக்கும், கவலை வேண்டாம். ஒரு மாதம் என்றால் பக்கத்து வீட்டாரிடம் சாவி கொடுக்கிறோம். அப்போது தீனி டப்பாவைக் கொடுக்காதீர்கள். அன்பு மிகுந்து அள்ளிப் போட்டு அவர்கள் தண்ணீரைக் கெடுத்துவிடுவார்கள். மூன்று நாளுக்கு ஒன்று வீதம் சிறு பொட்டலங்களாகக் கட்டித் தேதி எழுதிக் கொடுங்கள். ஆவியாகும் நீருக்குப் பதிலாக ஊற்ற, பிடித்து வைத்த நீர் டிரம்மையும் காட்டிவிட்டுப் போங்கள்.

ஏரியில் விடாதீர்கள்

கடைசியாக, மிக முக்கியமான வேண்டுகோள். மீன் பெரிதாகிவிட்டது, அல்லது மாற்றல் வந்துவிட்டது, அல்லது ஓய்வு பெற்று ஊரோடு போகிறோம். தொட்டியைத் தூக்கிச் செல்ல முடியாது. "பாவம், பவாய் ஏரியில் விட்டுவிடலாம், சுதந்திரமாக வாழட்டும், நமக்கும் புண்ணியம்" என்று நல்ல மனத்தோடு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். இது புண்ணியம் அல்ல.

சக்கர் மீன் கெட்ட நீரிலும் பிழைக்கும். எலும்புக் கவசம் உள்ளதால் பிற மீன்களும் பறவைகளும் எளிதில் அதைத் தின்ன முடியாது. கரையில் வளை தோண்டி முட்டையிட்டுப் பெருகும், கரை சரியும். மற்ற மீன்களுக்கு ஆதாரமான பாசியை மேய்ந்து தீர்க்கும். மெக்ஸிகோவில் இன்பியர்நில்லோ என்ற நீர்த்தேக்கத்தில் இது பெருகி, அங்கே திலேப்பியா பிடித்துப் பிழைத்த மீனவர்களின் வாழ்வைக் கெடுத்தது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். கேரள நீர்நிலைகளில் தொட்டி மீன்கள் பரவுவதைப் பற்றி 2009-லேயே ஆய்வாளர்கள் எச்சரித்து எழுதினார்கள். கொல்கத்தாவின் கிழக்குச் சதுப்பு நிலத்தில் மீன் வளர்ப்பவர்களின் வலையில் இன்று இது சிக்குகிறது. வலையைக் கிழிக்கும், விற்றால் வாங்க ஆளில்லை. சென்னையைச் சுற்றியுள்ள நீர்நிலைகளிலும் இது வந்துவிட்டது. நம் ஊர்க் குளத்துக் கெளுத்தியும் குரவையும் இருக்க வேண்டிய இடத்தில், யாரோ ஒருவர் வீட்டுக் கூடத்திலிருந்து போன மீன் குடியேறியிருக்கிறது.

உணவுக்காக வந்த ஆப்பிரிக்கக் கெளுத்தியின் கதையும் இதுவே. மராட்டியத்தில் தாய் மாங்கூர் என்பார்கள். உள்நாட்டு மீன்களை விழுங்கி அழிக்கும் என்பதால் இந்திய அரசு 2000-ல் அதை வளர்க்கத் தடை விதித்தது. தடைக்குப் பிறகும் வளர்த்தார்கள். பண்ணைகளில் உள்ளவற்றை அழிக்கும்படி 2019-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட நேர்ந்தது. நீரில் விட ஒரு நிமிடம் போதும். திரும்ப எடுக்கப் பல தலைமுறை போதாது.

ஆகவே வளர்க்க முடியாத மீனை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். பெரும்பாலான கடைக்காரர்கள் பணம் தராவிட்டாலும் மீனை வாங்கிக்கொள்வார்கள். அல்லது பெரிய தொட்டி உள்ள நண்பரிடம் ஒப்படையுங்கள். ஏரி, கால்வாய், கிணறு, கோயில் குளம் எதிலும் விட வேண்டாம். கணபதி விசர்ஜனக் கூட்டத்தோடு கூட்டமாகப் போய் விடுகிறவர்களையும் தடுத்துச் சொல்லுங்கள்.

சார்னி ரோடு நிலையத்தில் இறங்கி, 1951-ல் திறக்கப்பட்ட தாராபோர்வாலா மீன் காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனவர்கள் நம்மில் ஏராளம். அந்த ஆசையை வீட்டுக்குள் கொண்டுவர இன்று இரண்டடித் தொட்டியும், ஆறு கோரி மீன்களும், வாரம் ஒரு வாளித் தண்ணீரும் போதும். தொட்டி வாங்க நினைக்கும் அன்பர்கள் இந்த வாரம் தொட்டியை மட்டும் வாங்கித் தண்ணீர் நிரப்பி ஃபில்டரை ஓடவிடுங்கள். மீன் வாங்குவதை ஆறு வாரம் தள்ளிப்போடுங்கள். பழைய தொட்டி உள்ளவர் யாரென்று விசாரித்து ஸ்பாஞ்சுத் துண்டு ஒன்று கேட்டால், உறை மோர் போல யாரும் இல்லையென்று சொல்லமாட்டார்கள்.